நானாக விழுந்தது

1999, செப்டம்பர் 12, ஞாயிறு

இன்று நடந்ததை, என் தப்பையும் விடாமல், அப்படியே எழுதப்போகிறேன்.

விவேக் நகரில் ஸ்டெல்லா அக்காவுக்கு ஜூடோ மஞ்சள் பெல்ட் தேர்வு. அக்காவுக்குக் கண் தெரியாது. அதனால் இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்ட பிறகுதான் மாஸ்டர் ஆரம்பிக்கச் சொல்வார். அவளுக்கு எதிரே நின்றது நான்தான். என்னை இடுப்பில் ஏற்றித் தூக்கிப் போட வேண்டும்; இரண்டு தடவை அவளால் முடியவில்லை. மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அவள் என் காலரை இறுக்கிப் பிடித்தாள். இதிலும் தோற்றுவிடுவாளோ என்று எனக்குப் பயம். அவள் இடுப்பு எனக்கு அடியில் வருவதற்குள் நானே துள்ளி விழுந்துவிட்டேன்.

"கண்ணு தெரியாத பொண்ணு என்னமா தூக்குது பாருய்யா!" என்று யாரோ கத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். மாஸ்டர் பெல்ட்டைக் கட்டிவிட்டார்.

பஸ்ஸில் அக்கா பெல்ட்டைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டாள். ராத்திரி சாப்பிட்ட பிறகு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"உன் வெயிட்டே என் மேல வரலையே ரீட்டா. நீயா விழுந்தியா?"

"இல்லக்கா."

என் காலரைப் பிடித்தாள். "இப்ப சொல்லுடி."

"ஆமாக்கா."

"கை தட்டினவங்களுக்கு என்னைத் தெரியாது. உனக்குமா தெரியாது? அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்பப் பிடிக்கிறோம். அன்னைக்கும் நீயா விழுந்தே, தொலைச்சிடுவேன். மாஸ்டர்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

எதிர்க் கட்டிலில் அவள் என் பதிலுக்காகப் படுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா லைட்டை அணைக்கச் சொல்கிறாள்.