உன் ஸ்பீக்கர்களும் என் சின்ன அறையும்

மழைச் சாரலுக்காக இன்று காலை ஜன்னலைச் சாத்தினேன். உடனே அறைக்குள் உன் வீட்டு வாசனை. உன் பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டும் இங்கே வந்து ஒரு வாரமாகிறது. அவற்றின் தேக்குப் பலகையில் நீ தேய்க்கும் எண்ணெயின் மணம் ஈரத்தில் கிளம்பியிருக்கிறது. நீ இல்லை என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன்.

மன்னிதான் அனுப்பிவைத்தார். நீ போன பிறகு அங்கே தனியாக இருக்க மனமில்லாமல், வீட்டை ஒழித்துவிட்டுப் பெங்களூரில் மகளோடு இருக்கப் போகிறார். இவை எனக்கென்று நீ சொல்லியிருந்தாயாம். எனக்கு வேண்டாமென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லச் சொன்னார். வாங்கிக்கொள்ள ஒருவர் காத்திருக்கிறார். இன்று வெள்ளி.

என் புத்தி உனக்குத் தெரியும். அவை உன் கூடத்தை விட்டுக் கிளம்புமுன் அளவு நாடாவோடு போய், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றன, உன் நாற்காலி எங்கே இருந்தது என்று அளந்து வந்தேன். கரமனையில் என் முன்னறை ரயில்பெட்டி மாதிரி. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான சுவர். அதில் ஸ்பீக்கர்களை உன் கூடத்து அளவிலேயே வைத்தேன். பாடகர் காணாமல் போனார். மிருதங்கத்தின் இடது பக்கத்துக் கனத்த ஒலி மட்டும் அறை முழுக்க உருண்டது. அதை அடக்கத் தடித்த திரை தொங்கவிட்டேன், மூலையில் மெத்தையைச் சுருட்டி நிறுத்தினேன். மறுநாள் அடுத்த வீட்டுப் பெண் வந்து நின்றாள்.

"மாமா, நீங்க கச்சேரி வெச்சா எங்காத்து அலமாரியில பாத்திரமெல்லாம் தாளம் போடறது, கேட்டேளா?"

எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. குற்றம் அறையிலா, என் காதிலா? மெல்லிய ஒலிகள் எனக்குக் குறைந்துவிட்டன என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அல்லது, நீ பக்கத்தில் இல்லாமல் கேட்பதாலா?

நான் முதல் ஜோடி வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? கடைக்காரர் கண்ணாடி உடைவதும் டிரம் அதிர்வதுமாக எதையோ போட்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நீ அதை நிறுத்தச் சொல்லிவிட்டு என் பையிலிருந்த வீணை கேசட்டை எடுத்துக் கொடுத்தாய். "தினம் கேக்கறதைப் போட்டுக் கேளுடா. அவர் போடறது பொட்டியை விக்கறதுக்காக்கும்" என்றாய், அவர் காதுபடவே. வீட்டுக்கு வந்ததும் ஒரு ஸ்பீக்கரை என் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேஸ் என்கிற கனத்த ஒலி எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கேதான் பெட்டியை வைக்க வேண்டும் என்று அறை முழுக்கத் தவழ்ந்தாய். காபி கொண்டுவந்த என் மனைவி, மோதிரம் ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டாள்.

அந்த ஜோடி பழுதான பிறகு சனிக்கிழமைதோறும் உன் கூடம்தான் எனக்குக் கதி. உனக்கு நாகஸ்வரமும் தவிலும் வேண்டும், அதுவும் சுவாமி தெருவில் வருகிற சத்தத்தில். அந்தக் கூடத்துக்கு அது பொருந்தியது. வாசல்பக்கத்து நாற்காலியில் நான் ஒடுங்கி உட்கார்ந்திருப்பேன். கடைசியில் நீயாகவே சத்தத்தைக் குறைத்து, வீணையைப் போட்டு, "உனக்கு இவ்வளவு போரும்" என்பாய். போடச் சொல்லி நான் கேட்டதேயில்லை.

நேற்று ஒரு காரியம் செய்தேன். கடையிலிருந்து ஒரு சின்ன ஜோடியை, கேட்டுப் பார்க்க என்று சொல்லி வாங்கி வந்து, ஸ்டாண்டின் மேல் உன்னுடையவற்றுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். திங்கட்கிழமை வரை தவணை. சத்தம் கூடினால் எதுவும் நன்றாகத்தான் தோன்றும். ஆகையால் இரண்டையும் ஒரே அளவில் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டேன். சின்னதில் வீணைக் கம்பியில் விரல் வழுக்குவது கேட்டது. தவில் வெறும் தட்டலாக இருந்தது. நான்தான் தவில் கேட்பதில்லையே. சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் உன் ஸ்பீக்கர்கள் சும்மா நிற்பதைப் பார்த்ததும் எழுந்துபோய் அணைத்துவிட்டேன். உட்கார முடியவில்லை, மறுபடி போட்டேன்.

இன்று சாயங்காலம் மன்னிக்கு போன் செய்தேன். அறையின் நீளம், அகலம், பொதுச்சுவர் என்று ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அவர் வந்து உக்காந்து கேக்கப் போறாரா? நீங்கதானே கேக்கணும். உங்களுக்கு எது வேணும், அதைச் சொல்லுங்கோ."

"சின்னது" என்றேன். திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு, "சனிக்கிழமைன்னா நான் சமையல்கட்டுக் கதவைச் சாத்திண்டுதான் இருப்பேன். தவில் கேட்டா தலைவலியாக்கும் எனக்கு. ஒரு நாளும் அவர்கிட்ட சொன்னதில்லை" என்றார். சிரித்தாரா அழுதாரா, தெரியவில்லை. அப்புறம் இன்னொன்று கேட்டார்: வாங்குகிறவர் வீட்டை நான் ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமாம். எங்கேயாவது மூலையில் கொண்டுபோய்ப் போட்டுவிடக் கூடாதாம்.

வாங்குகிறவர் ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரி; கடைக்கு மேலேயே வீடு. நாளைக் காலையில் போகிறேன். அங்கே கூடம் பெரிதாக இருந்தால் கவலையில்லை. சிறிதாக இருந்தால், முன்பின் தெரியாத மனிதரிடம், அவர் வீட்டிலேயே நின்று, "இது உங்களுக்குச் சரிப்படாது" என்று நான் சொல்லியாக வேண்டும். நீயானால் செருப்பைக் கழற்றுமுன்பே சொல்லியிருப்பாய். நான் இப்போதே அதை மனதுக்குள் சொல்லிப் பழகுகிறேன், பாதியில் நின்றுவிடுகிறது. ஆனாலும் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.