ஒரே மருந்துக்கு இரண்டு பெயர்

உம்மா,

மதியம் துபாயிலிருந்து வந்த ஒருவர், எனக்கு மூத்தவரான காக்கா கொடுத்தனுப்பிய பெட்டியை வைத்துவிட்டுப் போனார். டேப்பைக் கிழித்ததும் சோப்பும் கோடாலித் தைலமும் கலந்த அந்த வாசம் கூடமெல்லாம் பரவியது. காக்காவின் பெட்டி வந்த நாட்களில் உங்கள் துப்பட்டியிலும் இதுதான் வீசும். பிஸ்தாவுக்கும் பால்மாவுக்கும் அடியில் பிரஷர் மாத்திரை அட்டைகள் இருந்தன. எனக்காம். அப்போதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

அறுபதைத் தாண்டியும் கடையை விட்டு ஊர் வர மனமில்லாத உங்கள் மகன், ஃபோனில் குரலும் அனுப்பியிருக்கிறார். "உம்மாவ எழுப்பி நிறுத்துன மாத்திரை புள்ள இது. நீயும் போடு. இங்கன டாக்டர் தந்த பிரஷர் மாத்திரையோட இதையும் சேத்துத்தான் நானும் போடுதேன். எந்திரிக்கும்போது கொஞ்சம் கிறுகிறுங்குது. வயசாயிட்டுல்லா."

வயசாயிட்டு. உங்களுக்கும் இதையேதான் சொன்னோம். தொழுகையில் ஸஜ்தாவிலிருந்து எழும்போதெல்லாம் தள்ளாடிச் சுவரைப் பிடித்தீர்கள். ஒருமுறை அலமாரி முனையில் நெற்றி இடித்து வீங்கிப்போனது. தலைசுற்றலுக்கென்று ஒரு மாத்திரை வந்தது. அதைப் போட்டதும் பகலெல்லாம் தூக்கம். நீங்களும் சலிக்கவேயில்லை. மாத்திரை விழுங்குவதில் உங்களுக்கு இருந்த ஒழுங்கு எங்கள் யாருக்கும் எதிலும் வந்ததில்லை. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து தொழச் சொன்னோம். அப்படித் தொழுதாலும் கூடும் என்றுதான் ஆலிம்சாவும் சொன்னார். ஆனால் நெற்றி தரையில் படவில்லையே என்று ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் அழுதீர்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் உங்களைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனேன்.

முதியவர்களைப் பார்க்கும் அந்த டாக்டரம்மா, வீட்டில் விழுங்குவதையெல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பை நிறையக் கொண்டுபோனோம். படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை பிரஷர் பார்த்தார். நின்றதும் சடாரென்று இறங்கியது. பிறகு காக்கா அனுப்பிய அட்டையையும் நம்மூர் மருந்துக்கடையில் வாங்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "பேருதான் வேறம்மா. உள்ள இருக்கது ஒரே மருந்து. ரெண்டு மடங்கு போட்டிருக்கீங்க" என்றார். அளவும் ஒன்றுதான், இரண்டில் எது வேண்டுமோ அதை மட்டும் போடுங்கள் என்று உங்களிடமே விட்டார். தலைசுற்றல் மாத்திரை இனி வேண்டாம், இந்தக் கூடுதலால்தான் தலையே சுற்றியது என்றார். மற்றவற்றை நாங்களாக நிறுத்திவிடக் கூடாது, மறுபடி வந்து காட்ட வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே புலம்பல் நீங்கள். இவ்வளவு தூரம் போனவர்களுக்கு மருந்து தராமல், இருப்பதையும் பிடுங்கிக்கொள்கிற டாக்டர் உண்டா என்று ஆறுமுகநேரி வரைக்கும் கேட்டீர்கள்.

பைய பையத் தேறினீர்கள். நாற்காலி வாசலுக்குப் போனது. எதையும் பிடிக்காமல் ஸஜ்தாவிலிருந்து எழுந்த அன்று, சலாம் கொடுத்து முடித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

அந்தப் பெருநாளைக்குக் காக்கா விடுப்பில் வந்தார். நீங்கள் நின்று தொழுவதைப் பார்த்ததும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லாம் தன் மாத்திரையின் வேலை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் வாயைத் திறக்கப் போனேன், நீங்கள் என் முதுகில் கிள்ளினீர்கள். பிறகு அடுக்களையில் வைத்துச் சொன்னீர்கள்: "சொல்லிராத புள்ள. தான் அனுப்புனதாலதான் உம்மா விழுந்தான்னு தெரிஞ்சா எம் மவன் தாங்க மாட்டான்."

சரி என்றேன். நீங்கள் மவுத்தாகிக் கண்மூடிய பிறகு அதுதான் காக்காவுக்கு ஒரே ஆறுதலாக இருந்தது. பக்கத்தில் இருந்து பார்க்க முடியாவிட்டாலும் தன் மாத்திரையாவது பார்த்துக்கொண்டது என்பார். நானும் தலையாட்டினேன். இப்போது அவரே அங்கே இரட்டிப்பாக விழுங்கிவிட்டுத் தள்ளாடுகிறார், அவரைப் பிடிக்க ஆளில்லை. உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது உம்மா. பிள்ளையின் மனது நோகக் கூடாது என்று பார்த்தீர்கள், பிள்ளையைப் பார்க்கவில்லை.

அசர் தொழுது முடித்ததும் ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காக்கா, நீங்கள் பயந்த அதே கேள்வியைக் கேட்டார்.

"அப்போ நான் அனுப்புனதாலதான் உம்மா விழுந்தாங்களா?"

"ரெண்டும் சேந்ததால விழுந்தாங்க காக்கா. ரெண்டுல ஒண்ணை நிப்பாட்டச் சொன்னதும் கடை மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டாங்க. கடைசி வரைக்கும் நீங்க அனுப்புனதைத்தான் போட்டாங்க."

அவர் அழுதது கேட்டது. நாளைக்கே எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருக்கிறார். போனாரா என்று கேட்கும்வரை எனக்கு நிம்மதியில்லை.

வாக்கைக் காப்பாற்றவில்லை என்று நீங்கள் கோபித்தாலும் சரி. எனக்கு இருப்பது ஒரே காக்கா.