இரும்பு வைத்த ஷூ

7 அக்டோபர் 2007, ஞாயிறு

டிசம்பர் 9 பஞ்சகனி சைக்கிள் சவாரிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்! புனே ஸ்வார்கேட்டில் தொடங்கி, பஞ்சகனி மலை ஏறித் திரும்பி, ஸ்வார்கேட்டில் முடிவு. இருநூறு கிலோமீட்டர், காலை ஆறிலிருந்து மாலை ஏழரைக்குள். வண்டி கெட்டால் தள்ளிக்கொண்டு வரலாம், இன்னொரு வண்டியில் ஏறக்கூடாது.

போன வருஷம் பதினெட்டு நிமிஷத்தில் கோட்டை விட்டேன். எல்லாம் அந்தக் கேன்வாஸ் ஷூவால். மலை ஏறும்போது அடிப்பாகம் வளைந்து, உள்ளங்கால் மரத்து, கால் பெடலிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. இந்த முறை பெடலோடு காலைப் பூட்டுகிற ஷூ வாங்கப் போகிறேன். எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்: எஸ்தர், இந்தத் தடவையும் விட்டாயோ, தொலைந்தாய்.

20 அக்டோபர், சனி

ஷபானாவோடு கேம்ப் பகுதியில் இருக்கிற சைக்கிள் கடைக்குப் போனேன். பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு ஒட்டிக்கொண்டவள், இப்போது விமான் நகரில் கம்ப்யூட்டர் வேலை. அவளும் சவாரிக்கு வருகிறாள்.

அடேயப்பா, என்ன ஷூக்கள்! வெள்ளை ரேஸ் ஷூ ஒன்று, கையில் எடுத்தால் கனமே இல்லை. அடியில் ஒரு பிளாஸ்டிக் கட்டை துருத்திக்கொண்டு நிற்கிறது. அதுதான் பெடலில் மாட்டுமாம். போட்டுக்கொண்டு எழுந்தேன். நாலு எட்டு வாத்து நடை, ஐந்தாவது எட்டில் டைல்ஸில் சர்ரென்று வழுக்கிக் கடைக்காரர் மேஜையைக் கட்டிப்பிடித்தேன். ஷபானாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

இன்னொரு வகை: தடித்த ரப்பர் அடி, அதன் நடுவே ஒரு குழி, குழிக்குள் சின்ன இரும்புத் துண்டு. நடந்தால் ரப்பர்தான் தரையில் படும். கடைப் படியில் மூன்று தடவை ஏறி இறங்கினேன். இதுதான், இதேதான்!

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். கனமாம், வேகம் வராதாம். ஷபானா, "போலீஸ் பூட்ஸ் மாதிரி இருக்குடி" என்றாள். அவள் வெள்ளையை வாங்கிவிட்டாள். எனக்குப் பிடித்ததில் என் அளவு இல்லை. புனேயில் பெண்களுக்குக் கால் கிடையாதா?

24 அக்டோபர்

ஷபானாவை ஆபீசில் பத்து நாள் ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள். என் ஷூ அங்கிருந்து வரப்போகிறது!

கால் சாயங்காலம் கொஞ்சம் வீங்கும், அப்போதுதான் அளவெடுக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஷிப்ட் முடிந்து வந்ததும் சர்ச் காலண்டரின் பழைய தாளைத் திருப்பிப் போட்டு அதன்மேல் நின்றேன். அம்மா பென்சிலால் காலைச் சுற்றிக் கோடு போட்டாள்.

"காலை சைக்கிளோட பூட்டிக்கிட்டு விழுந்தா என்னடி பண்ணுவ? ரெண்டையும் சேத்துத்தான் பொதைக்கணும்."

"நல்ல வாய்ம்மா உனக்கு!"

11 நவம்பர், ஞாயிறு

வந்துவிட்டது, வந்துவிட்டது! காலண்டர் தாளில் வைத்தால் கோட்டோடு கோடு. பெடலும் வந்திருக்கிறது. ஒரு பக்கம் பூட்டு, மறுபக்கம் வெறும் தட்டை. மார்க்கெட்டுக்குச் செருப்போடும் போகலாம். மிதித்ததும் டக்! குதிகாலை வெளியே திருப்பினால் விடும்.

போபோடி சிக்னலில் திருப்ப மறந்தேன். நின்ற இடத்திலேயே சைக்கிளோடு மெதுவாகச் சாய்ந்தேன். ரிக்ஷாக்காரர் எட்டிப் பார்த்து, "அரே தீதீ, லாக் ஹோ கயா க்யா?" என்றார். ஆமாம் பையா, லாக்தான். கால் பூட்டிக்கிச்சு.

அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

12 நவம்பர், திங்கள்

என் புத்தி எங்கே மேயப் போச்சு?

வெடிமருந்துத் தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். தீப்பெட்டி, லைட்டர், மொபைல், ஆணி அடித்த செருப்பு எதுவும் கேட்டைத் தாண்டாது என்று புதுசாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். அப்படிப்பட்டவள் காலுக்கடியில் இரும்பை வைத்துக்கொண்டு சைக்கிளை வெளியே ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஜம்மென்று நடந்து போகிறேன்! ஜல்லியில் 'டிக்' என்று ஒரு சத்தம். கேட் காவலர் தங்கராஜ் அண்ணன் காதில் விழுந்துவிட்டது.

"எஸ்தரு, நில்லு. காலைத் தூக்கு."

"சைக்கிள் ஷூண்ணா."

"ஷூ நடக்கிறதுக்குத்தானம்மா?"

"இதுல நடக்கவும் நடக்கலாம்ணா!"

"எங்க வேணா நட. பொறி பறக்குற இரும்பு உள்ள போகாது."

ஷூ தீப்பெட்டிகளோடு அலமாரிக்குப் போனது. பதிவேட்டில் 'ஷூ ஒரு ஜோடி' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். நான் அவருடைய பத்தாம் நம்பர் ரப்பர் செருப்பை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஷிப்டே சிரிச்சுது. மானம் போச்சு. நாளையிலிருந்து பையில் வேறு செருப்பு.

25 நவம்பர்

நூற்றிருபது கிலோமீட்டர். கால் மரக்கவில்லை. மரக்கவே இல்லை!

8 டிசம்பர், சனி

ஷபானா இன்று மலையில் என்னை முந்திப் பறந்தாள். அவள் ஷூ என்னுடையதில் பாதிக் கனம். நடக்க வசதி, நடக்க வசதி என்று பார்த்தேனே, நாளைக்கு நடக்கப் போவது எங்கே? டீக்கடைக்கும் கக்கூஸுக்கும். அதற்காகவா வேகத்தை விட்டேன்? மறுபடி பதினெட்டு நிமிஷம் போச்சுன்னா? வேண்டாம், படு.

9 டிசம்பர்

நன்றாகத்தான் வந்தோம். பாலாஜி நகர், மணி 6.47, இன்னும் நாலே கிலோமீட்டர். உடைந்த பாட்டில். பின்டயர் பக்கவாட்டில் கிழிந்து டியூப் வெளியே வந்துவிட்டது. ஒட்டவே முடியாது.

ஷபானா இறங்கி என்னோடு பத்தடி நடந்தாள். அதற்குள் இரண்டு தடவை வழுக்கினாள். "நீ போடி, உன் நேரமும் போயிடும்!" என்று கத்தி விரட்டினேன். சீட்டைப் பிடித்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். நட, ஓடு, நட, ஓடு. ரப்பர் ரோட்டை நல்லா பிடிச்சுது. பஸ்காரன் ஹார்ன் அடிக்கிறான், அடிச்சுக்கோ போ! ஸ்வார்கேட் சிக்னல் கண்ணில் பட்டபோது மணி 7.21.

மீதி நாளைக்கு. போதும்.

10 டிசம்பர், திங்கள்

கேட்டில் ஷூவைக் கழற்றிக் கொடுத்தேன். தங்கராஜ் அண்ணன் திருப்பிப் பார்த்தார்.

"சைக்கிள் ஷூன்னியே, குதிகால் இப்படித் தேஞ்சிருக்கு?"

சிரித்துக்கொண்டே உள்ளே நடந்தேன்.

"நில்லு. கழுத்துல என்ன?"

துப்பட்டாவுக்குள் மறைத்து வைத்திருந்தேன். ஷிப்ட் முழுக்கக் காட்டத்தான். வேறு எதற்கு?

"ஆறு நிமிஷம் மிச்சம்ணா!"

"சந்தோஷம்மா, ரொம்ப சந்தோஷம். கழட்டு."

தீப்பெட்டிகளுக்கு நடுவில் ஷூவை வைத்து, அதன்மேல் அதையும் வைத்தார். பதிவேட்டில் எழுதி என் பக்கம் திருப்பினார். கையெழுத்துப் போட்டேன்.

"ஒரு தடவை வாசிங்கண்ணா."

"ஷூ ஒரு ஜோடி," என்று வாசித்தார். "மெடல் ஒண்ணு."