சைபருக்குப் போட்ட கையெழுத்து

சிஸ்டர்,

இன்று காலை பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்தார்கள். நெடி வந்ததும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். நீங்கள் கண்மூடி ஆறு மாதம் ஆகிறது.

ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் நீங்கள் மருந்தறை நர்ஸ், நான் ஆபீஸ் கிளார்க். சுண்ணாம்புக் குழியில் தோலை முக்கி எடுப்பவர்களின் கைகளில் ஓட்டை ஓட்டையாகப் புண் விழும். அவர்களுக்கு ரப்பர் கையுறை வேண்டும் என்று நீங்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தீர்கள். "வாயால சொன்னா முதலாளி கேக்க மாட்டாரு சார், கணக்கா காட்டணும்" என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பார்த்து, புண்களை எண்ணி எழுதித் தந்தீர்கள். குழியில் வேலை செய்த வருடங்களைக் கிடையாகவும் புண்களைச் செங்குத்தாகவும் வைத்து, கிராஃப் தாளில் ஆளுக்கொரு புள்ளி வைத்தேன். பிறகு ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டேன். இரண்டும் சேர்ந்தே ஏறினால் அது ஒன்றை நெருங்கும். எனக்குக் கிட்டத்தட்ட சைபர் வந்தது.

முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வருசத்துக்கும் புண்ணுக்கும் சம்பந்தமே இல்லன்னு கணக்கு சொல்லுது. அப்புறம் கிளவுஸ் இன்னாத்துக்கு?"

நீங்கள் எண்ணைப் பார்க்கவே இல்லை. புள்ளிகள் மேல் விரலை ஓட்டினீர்கள்.

"நாலஞ்சு வருசம் வரைக்கும் ஏறுது, அப்புறம் எறங்குது. மலை மாதிரி இருக்குது. ஏத்தமும் எறக்கமும் கழிஞ்சுபோய்த்தான் சைபர் வந்திருக்குது. கை தாங்காதவன்லாம் வேலைய விட்டுட்டு கலவை, நெமிலின்னு சொந்த ஊருக்குப் போய்ட்டான். கை காய்ச்சுப் போனவன்தான் மிச்சம். சார், நீங்களே சொல்லுங்க."

இருவரும் என்னைப் பார்த்தீர்கள்.

"கணக்கு சரிதான் சிஸ்டர்" என்றேன். தாளின் கீழே 'சம்பந்தம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. கையுறை வரவில்லை. எனக்கு ஹெட்கிளார்க் நாற்காலி வந்தது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்களே, அவன் நான்தான்.

கடைசியாக உங்களைப் பார்க்க வந்தபோதும் நீங்கள்தான் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். "விடுங்க சார். உங்களுக்கு அந்த மலை கண்ணுல படல, அவ்ளோதான். தெரிஞ்சே செய்ற ஆளா நீங்க?" வெட்கமில்லாமல் தலையாட்டிவிட்டு, நீங்கள் கொடுக்கச் சொன்ன காபியையும் குடித்துவிட்டு வந்தேன்.

சிஸ்டர், அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்தவன் நான். பாதி வைக்கும்போதே மலை எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தவனுக்கு என்று நீங்கள் கொடுத்த மன்னிப்பை நான் வாங்கி வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்க நீங்கள் இல்லை.