கழற்ற மறந்த சிவப்பு வயர்

சனிக்கிழமை, பஸ்ஸில்

அன்புள்ள தம்பிக்கு,

இல்லை, சர்வர் படுத்துக்கொள்ளவில்லை. இன்று காலை டீ செய்தி வராததற்குக் காரணம் நான். நேற்று மாலை நானே அதை நிறுத்திவிட்டேன். "அப்பா இன்னிக்கு டீயே போடலையா அக்கா, இல்ல உன் செருப்பு ரேக் தூங்கிடுச்சா?" என்று நீ விளையாட்டாக எழுதிய மெயில் பஸ்ஸில் ஏறும்போது வந்தது. "சின்ன ரிப்பேர்" என்று மட்டும் பதில் போட்டேன். அது பொய். இது உண்மையான பதில். எப்போது அனுப்புவேன் என்று தெரியவில்லை.

அப்பா போனை எடுக்கவில்லை. நேற்று மாலை நான்கு முறை. இன்று காலை ஆறு முறை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அப்பா தனியாக இருப்பது சரிவராது என்று நாம் சொன்னபோது அவர் ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். கேமரா வேண்டாம். கையில் கட்டுகிற பட்டை வேண்டாம். "நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்?" கடைசியில், அவருடைய மின்சாரக் கெட்டிலுக்கு ஒரு பிளக் மாட்ட மட்டும் சம்மதித்தார். காலையில் அவர் டீக்குத் தண்ணீர் வைத்தால் பிளக் வழியாக மின்சாரம் ஓடும். அந்தத் தகவல் என் அறையில் செருப்பு ரேக்குக்குள் இருக்கும் பழைய லேப்டாப்புக்கு வரும். திரை உடைந்த அந்த லேப்டாப்தான் நம் சர்வர். அது உனக்கும் எனக்கும் ஒரு செய்தி அனுப்பும்: அப்பா டீ போட்டாச்சு. கூடவே நேரம். கப்பலில் உனக்குக் கிடைக்கும் கொஞ்சம் இணைப்பில் எது வராவிட்டாலும் இந்த மூன்று வார்த்தை வந்துவிட வேண்டும் என்று அவ்வளவு சிறிதாக அமைத்தேன்.

என் வீட்டுக்காரம்மா சிரிப்பார். "செருப்பு வெக்கிற எடத்துல கம்ப்யூட்டரு, கம்ப்யூட்டர் வெக்கிற எடத்துல துணி. உன்னை எவன் கட்டிக்குவான்?" ஃபேன் கீச்சிட்டால், "உன் புள்ள அழுவுது பாரு" என்பார். எனக்கும் அது பிள்ளை மாதிரித்தான். பகலெல்லாம் கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிறேன். மாலையில் ரேக்கின் முன்னால் தரையில் உட்காருகிறேன். யாரும் கேட்காமல், யாருக்கும் கணக்குக் காட்டாமல் நான் செய்கிற ஒரே வேலை அதுதான்.

நேற்று நூலகத்தில் நாளிதழ்களை அடுக்கும்போது ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். அப்பா குடியிருக்கும் பகுதியில் வியாழக்கிழமை அதிகாலை நான்கு மணியிலிருந்து பகல் வரை பராமரிப்புக்காக மின்தடை. முந்தின நாள் பேப்பர். மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். பிறகுதான் நினைவு வந்தது. வியாழக்கிழமை காலை செய்தி வந்ததே. அப்பா டீ போட்டாச்சு, 6.14.

கரண்ட் இல்லாத வீட்டில்.

வீட்டுக்கு ஓடி வந்து, செய்தி அனுப்புகிற நிரலைத் திறந்தேன். பன்னிரண்டாவது வரியிலேயே இருந்தது. நான்கு மாதத்துக்கு முன் நானே எழுதியது. அப்பா ஒரு நாளைக்கு ஒருமுறைதான் கெட்டில் போடுவார். நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் மறுநாள் காலை வரை காத்திருக்க முடியாது. அதனால் சோதனைக்காக ஒரு பொய்க் கெட்டில் செய்தேன். ஆறரை மணிக்குள் பிளக்கிலிருந்து எதுவும் வராவிட்டால், வந்ததாக வைத்துக்கொள். ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவே ஏதாவது ஒரு நேரத்தை நீயே எடுத்துக்கொள்.

தினமும் ஒரே நேரம் காட்டினால் இயந்திரம் மாதிரி இருக்கும் என்று நேரத்தை மாற்றி மாற்றி எடுக்கச் செய்தேன். அந்த வரியை எழுதிவிட்டுப் பெருமையாகச் சிரித்தது நினைவிருக்கிறது. போன வாரம் நீ எழுதினாய், "அப்பா இன்னிக்கு ஒம்பது நிமிஷம் லேட்டு, என்ன சங்கதி?" என்று. "ரிட்டயர்டு ஆளுக்கு என்னடா அவசரம்" என்று நான் பதில் போட்டேன். நாம் இருவரும் கேலி செய்தது அந்த வரியை.

சோதனை முடிந்ததும் அதை எடுக்கவில்லை. மறந்துவிட்டேன். நேற்று மாலைதான் அந்த வரியை அழித்தேன்.

என்ன, எப்போது நடந்தது என்று சர்வர் தனியாக ஒரு பதிவு எழுதிவைக்கும். அதைப் பார்த்தேன். அப்பா உண்மையில் கடைசியாகக் கெட்டில் போட்டு இருபத்து மூன்று நாள் ஆகிறது.

ஆனால் போன ஞாயிறுகூட என்னோடு பேசினார். "டீ குடிச்சாச்சும்மா" என்றார். அதற்கு முந்தின ஞாயிறும். அதற்கும் முந்தின ஞாயிறும். அப்படியானால் ஞாயிறு வரை இருந்தார். அதன் பிறகு ஆறு நாள். இந்த ஆறு நாளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

அப்பாவின் கீழ்வீட்டுத் தையல்காரரைப் போனில் கூப்பிட்டேன். அவர் தன் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு வாரமாயிற்றாம். "உங்கப்பாவுக்கு என்னம்மா, இரும்பு" என்றார்.

அப்பாவின் சட்டைப் பை ஞாபகமிருக்கிறதா உனக்கு? லிஃப்ட் ரிப்பேருக்குப் போகும்போது மூன்று சிவப்பு வயர் துண்டுகளைப் போட்டுக்கொண்டு போவார். கதவு மூடாமலே லிஃப்டை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால், மூடிவிட்டதாக அதை ஏமாற்ற ஒரு வயரைக் குறுக்கே மாட்டுவார்கள். ஜம்பர். வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும். கழற்ற மறந்தால் கதவு திறந்தபடியே லிஃப்ட் கிளம்பும். சாப்பிட உட்காரும் முன் பையைத் தட்டி எண்ணுவார். "மூணு. அப்பாடா, இன்னிக்கு நான் யாரையும் கொல்லலை." அம்மாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது.

பஸ் ஒரு ரயில்வே கேட்டில் நின்றிருக்கிறது. மறுபடியும் அடித்தேன். மணி போகிறது. எடுக்கவில்லை.


சனிக்கிழமை, மாலை

இருக்கிறார்.

முதலில் இதை எழுதிவிடுகிறேன். உயிரோடு இருக்கிறார். பக்கத்து அறையில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருக்கிறார்.

மூன்று மாடி ஏறும்போதே போன் அடித்தபடி ஏறினேன். இரண்டாவது மாடியில் மணிச் சத்தம் காதில் விழுந்தது. வீட்டுக்குள்ளிருந்து. கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. உள்ளே போனேன். யாரும் இல்லை. கூடத்தில் இல்லை, படுக்கையில் இல்லை. குளியலறைக் கதவைத் தள்ள எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்ல மாட்டேன். அங்கேயும் இல்லை. போன் அவருடைய கருவிப் பெட்டிக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

பின்னால் படியில் செருப்புச் சத்தம். அப்பா பால் பாக்கெட்டோடு வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார்.

"யாரும்மா? யாரைப் பாக்கணும்?"

ஒரு நொடிதான். ஒன்றரை இருக்கலாம். பிறகு முகம் மலர்ந்தது. "அட, பாப்பா! கண்ணாடி போடலையா, ஆளு தெரியலை. ஊருக்கே லிஃப்ட் மாட்டினவன் மூணு மாடி ஏறி ஏறிச் சாகுறேன் பாரு."

கண்ணாடி போட்டிருந்தார்.

பாலை வைக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். ஏற்கெனவே ஏழு பாக்கெட் இருந்தது. நான்கு உப்பியிருந்தது. எட்டாவதையும் பக்கத்தில் வைத்து மூடினேன்.

கெட்டிலைக் காணவில்லை. கேட்டேன். "அது எங்கே போகும், அங்கேதான் இருக்கும்" என்றார், சுவரைப் பார்த்து. அவர் குளிக்கப் போனபோது தேடினேன். கருவிப் பெட்டியின் அடித்தட்டில் இருந்தது. ஸ்பேனரைச் சுற்றி வைப்பதுபோலச் சுத்தமான துணியில் சுற்றி, கயிறு கட்டி. பிரித்தேன். அடிப்பாகம் முழுவதும் உருகி வழிந்து இறுகிப்போயிருந்தது. அதில் வட்டமாக, கேஸ் அடுப்பின் பர்னர் அச்சு.

புரிகிறதா? மின்சாரக் கெட்டிலைத் தூக்கி நெருப்பின் மேல் வைத்திருக்கிறார். இருட்டில் கை தடவியே ஒரு லிஃப்டின் வயர்களையெல்லாம் மாட்டிவிடுகிற மனிதர். பிறகு, என்ன செய்தோம் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் ஒளித்துவைத்திருக்கிறார். இருபத்து மூன்று நாளாக அந்தக் கேஸ் அடுப்பில்தான் டீ. அடுப்புக்கு மேலே சுவர் கறுத்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன்.

நாற்காலிக்கு எதிர்ச் சுவரில், போன் பேசும்போது அவர் உட்காருகிற இடத்துக்கு நேரே, ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். லிஃப்டுக்குள் அறிவிப்பு எழுதுவாரே, அதே கொட்டை எழுத்து.

மகள்: சாப்பிட்டியா. லைப்ரரியில் கூட்டமா. கம்ப்யூட்டர் பெட்டி ஓடுதா.
மகன்: சாப்பிட்டியா. கடல் எப்படி. எப்போ வருவே.
டீ குடிச்சாச்சு என்று சொல்லவும்.

அதற்குக் கீழே, இரண்டு கோடு போட்டு:

அம்மா எங்கே என்று யாரையும் கேட்கக் கூடாது.

ஐந்து வருஷம் ஆகிறது அம்மா போய். எத்தனை முறை கேட்டிருப்பார், யாரிடம் கேட்டிருப்பார், கேட்டபோது அவர்கள் முகம் எப்படி மாறியிருந்தால் இந்த வரியை எழுதியிருப்பார் என்று யோசித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது. நகர்ந்துவிட்டேன்.

ஞாயிறுதோறும் அதே மூன்று கேள்விதான் கேட்டார், தம்பி. அதே வரிசை. நான் கவனிக்கவே இல்லை. நேரத்தை மாற்றி மாற்றிக் காட்டிய என் நிரல் அவரைவிட நன்றாக மனிதராக நடித்திருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில் பஸ்ஸில் இருந்த பயத்துக்கு ஒரு முடிவு இருந்தது. கதவைத் திறந்தால் தெரிந்துவிடும். இது அப்படியில்லை. அவர் அறையில் ரேடியோ நின்றால் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். பாடினாலும் போய்ப் பார்க்கிறேன்.


திங்கட்கிழமை, காலை

நேற்று அவரிடம் சொல்லிவிட்டேன். தாளைப் பற்றியோ கெட்டிலைப் பற்றியோ இல்லை. என்னைப் பற்றி. சோதனைக்கு ஒரு பொய்க் கெட்டில் போட்டதையும், அதை எடுக்க மறந்ததையும், இருபத்து மூன்று நாளாக நீயும் நானும் அந்தப் பொய்யைப் படித்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனதையும் சொன்னேன். இடையில் அழுதேன் போலிருக்கிறது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சட்டைப் பையில் கை போனது. பழைய பழக்கம். பை காலி.

"ஜம்பரைக் கழட்டிட்டியா?"

"கழட்டிட்டேன்பா."

"ஒண்ணுதான் போட்டிருந்தியா? நல்லா எண்ணிப் பாத்தியா?"

"ஒண்ணுதான்."

தலையை ஆட்டினார். "கழட்டலைன்னா வண்டி நல்லாத்தான் ஓடும். அதான் அதுல இருக்கிற ஆபத்தே." அன்று ரேடியோவைப் போடவில்லை. தூங்கப் போகும்போது, "நீ எப்போ வந்தே பாப்பா?" என்று கேட்டார். நேற்று வந்தேன் என்றேன். "நல்லது" என்றார்.

இன்று காலை எழுந்து கூடத்துக்கு வந்தேன். நாற்காலிக்கு எதிரே தாள் இல்லை. சுவரில் நான்கு மூலையிலும் பசை ஒட்டிய தடம் மட்டும் இருந்தது. அவரே கழற்றியிருக்கிறார். குப்பைக் கூடையில் தேடினேன், இல்லை. நான் கேட்கப் போவதில்லை.

வியாழக்கிழமைக்கு நரம்பு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். நூலகத்தில் இரண்டு வாரம் விடுப்புச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு என்ன என்று தெரியவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் சர்வரை மட்டும் அணைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "உன் புள்ளைய நான் பாத்துக்கறேன், நீ உங்கப்பனைப் பாரு" என்றார்.

ஞாயிறன்று கப்பல் துறைமுகத்துக்கு வரும், அப்பாவைக் கூப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். கூப்பிடு. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தமுறை அவர் முன்னால் தாள் இருக்காது. நடுவில் நின்றுவிடுவார். லைன் கட்டாகிவிட்டதென்று நினைத்து நீ ஹலோ ஹலோ என்று கத்துவாயே, அப்படிக் கத்தாதே. அவர் தேடிக்கொண்டிருப்பார். காத்திரு. கேட்டதையே மறுபடி கேட்டால் முதல்முறை கேட்பதுபோலவே பதில் சொல்லு. அம்மாவைப் பற்றிக் கேட்டாரானால், எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை, நீ என்ன சொன்னாலும் மெதுவாகச் சொல்லு. எப்போ வருவே என்று கேட்டால் மட்டும் ஒரு தேதியைச் சொல்லு, தம்பி. உண்மையான தேதியை.

கடலில் பத்திரமாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

பி.கு. மெயில் இன்னும் போகவில்லை, இங்கே இணைப்பு மெதுவாக இருக்கிறது. அதற்குள் கேஸ் சிலிண்டரைக் கழற்றிக் கீழ்வீட்டு வராந்தாவில் வைத்துவிட்டு வந்தேன். கடைத்தெருவில் அதே மாதிரிக் கெட்டில் ஒன்று கிடைத்தது. பழைய இடத்திலேயே வைத்துப் பிளக்கையும் மாட்டினேன். அப்பா நாற்காலியை விட்டு எழுந்து வரும் சத்தம் கேட்கிறது. நான் கெட்டிலிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, அவரே அதைப் போடுகிறாரா என்று பார்த்தபடி நிற்கிறேன்.