கனியின் காலைச் சாப்பாடு

ஊரூர் குப்பம்,
அடையாறு.

அன்பு மகள் தீபிகாவுக்கு நைனா எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கம்மா, உன் மகள் கனிஷ்கா மூன்று பேரும் எல்லையம்மன் புண்ணியத்தில் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், அங்கே நீ வேளைக்குத் தின்று வேளைக்குத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் அவளையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாரா வாரம் போனில் முகத்தைப் பார்க்கிறோமே, இந்த ஆளுக்குக் காகிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் என்றால் கனி என் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறாள், உங்கம்மா பின்னால் நின்று எனக்குக் கண்ணைக் காட்டுகிறாள், நான் ஒரு வார்த்தை ஆரம்பிப்பதற்குள் உனக்கு அழுகை வந்துவிடுகிறது, உன் அழுகையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது, அப்புறம் பேச்சு எங்கே. பட்டினப்பாக்கத்து தௌஃபீக் வெள்ளிக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். மாதக் கடைசியில் அந்த வீட்டு வேலைக்கு இன்னும் இரண்டு வருஷத்துக்கு அக்ரிமென்ட் போடப்போகிறேன், கனியின் ஸ்கூல் ஃபீஸுக்கு வேறு வழி இல்லை என்று போன ஞாயிற்றுக்கிழமை சொன்னாய் அல்லவா. அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கு முன்னால் இதைக் கடைசி வரைக்கும் படித்துவிடு கண்ணு, நடுவில் கிழித்துப் போட்டுவிடாதே.

உங்கம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் தினமும் கொஞ்சம் நடக்கச் சொன்னாராம், மீன் கூடையோடு பெசன்ட் நகர் முழுக்க நடக்கிறேனே, இதுக்கு மேல இன்னா நடக்கறது என்று அவரிடமே சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள். போட் என்ஜின் ஒரு தரம் மக்கர் பண்ணியது, சரி செய்தாகிவிட்டது. நடுவில் புயல் சின்னம் என்று மைக்கில் அறிவித்துவிட்டார்கள், யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று. இங்கே பெரிதாக மழையும் இல்லை, பள்ளிக்கூடங்களும் நடந்தன, நாங்கள் மட்டும் போட்டை மேட்டில் இழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் முடங்கிக் கிடந்தோம். உன் மகளுடைய காலைப் பொழுது எப்படி விடிகிறது என்பதை அந்த முடக்கத்தில்தான் நான் முதல்முதலாகப் பார்த்தேன், அதற்கு முன்னால் அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்ததே கிடையாது.

நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியாததா. விடிவதற்கு முன்னாலேயே நான் கடலில் இருப்பேன், போட் கரை ஏறும் நேரத்துக்கு உங்கம்மா ஏலத்தில் நிற்க வேண்டும், மீனை விற்று முடித்து அவள் வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போது பாதிப் பகல் போய்விடும். நமக்குக் காலைச் சாப்பாடு என்பதே அப்போதுதான், அதுவரைக்கும் டீயும் பொறை ரொட்டியும்தான். நம் வயிறு அப்படியே பழகிவிட்டது, குழந்தைக்கும் அதே வயிறுதானே என்று இருந்துவிட்டோம். அவள் ஒன்றாவது படித்தபோது இந்தக் குறை தெரியவில்லை, ஏனென்றால் குப்பத்துக் கார்ப்பரேஷன் பள்ளியிலேயே காலையில் சூடாகச் சாப்பாடு போட்டார்கள். முகத்தைக் கழுவித் தலையைச் சீவிவிட்டால் போதும், பக்கத்து வீட்டு நீரஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு தானாக ஓடிவிடுவாள். நாம்தான் ஜூனில் அவளைத் திருவான்மியூர் இங்கிலீஷ் ஸ்கூலுக்கு மாற்றினோம். நீ ஆசைப்பட்டாய், அதில் தப்பில்லை, பெற்றவள் ஆசைப்படாமல் வேறு யார் ஆசைப்படுவது. எனக்குத்தான் புத்தி எங்கே போயிற்று. ஊருக்கே மீன் போடுகிற வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தட்டோடு உட்காருவதா என்று எனக்கு ஒரு வீறாப்பு, பேத்தி டை கட்டிக்கொண்டு வேனில் ஏறுவதை நாலு பேர் பார்க்கட்டும் என்று ஒரு பெருமை. உங்கம்மா ஒருத்திதான், நல்லா போய்க்கினு கீற புள்ளைய எதுக்குயா கலைக்கிறீங்க என்று கேட்டாள். உனக்கு ஒண்ணும் தெரியாது சும்மா இரு என்று அவள் வாயை அடைத்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

புயல் அறிவிப்பு வந்த அன்று உங்கம்மா ஐஸ் மீன் எடுக்கக் காசிமேட்டுக்குப் போய்விட்டாள், குழந்தையைக் கிளப்புவது என் தலையில் விழுந்தது. எழுப்பி யூனிஃபார்ம் மாட்டிவிட்டால் உட்கார்ந்தபடியே கண்ணை மூடி ஆடுகிறாள். வெளியே இன்னும் சரியாக வெளிச்சம் வரவில்லை, அந்த வேன்காரனுக்கோ ஊரெல்லாம் சுற்றிப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும், நம் பக்கம்தான் அவனுக்கு முதல். கடையிலிருந்து இட்லி வாங்கிவந்து ஊட்டப் பார்த்தேன், வாயில் வைத்த ஒரு துண்டைக் கன்னத்திலேயே ஒதுக்கி வைத்திருக்கிறாள், முழுங்கவே இல்லை. அந்த நேரத்தில் எந்தக் குழந்தைக்குத்தான் இறங்கும். நான் ஒரு அதட்டு அதட்டினேன், என் குணம்தான் உனக்குத் தெரியுமே. கண்ணில் தண்ணீரோடு டீயை மட்டும் குடித்துவிட்டு எழுந்தாள், வேன் படியில் கால் வைத்ததும் அத்தனையும் வாந்தி. வேனில் இருந்த ஆயா பதறவே இல்லை, ஒரு பழைய துணியை எடுத்து ஷூவைத் துடைத்துவிட்டு, இது தெனம் நடக்கறதுதான், இன்னாத்துக்கு நைனா முழிக்கிற என்று கேட்டாள். வேன் போன பிறகும் நான் தெருவிலேயே நின்றிருந்தேன். தினமுமாம் தீபி.

மறுநாள் அந்த ஸ்கூலுக்கே போய் மிஸ்ஸைப் பார்த்தேன். கனி முதல் இரண்டு பீரியடும் டெஸ்கில் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறாள், வயிற்று வலி என்கிறாள், கேட்டால் வாயைத் திறப்பதில்லை, இப்படியே போனால் ஒன்றாம் வகுப்புக்கே இறக்கிவிட வேண்டியதுதான் என்றார். அந்தப் பெண்மேல் குறை சொல்ல மாட்டேன், அறை கொள்ளாத பிள்ளைகள், அவர் யார் வயிற்றை என்று பார்ப்பார். அப்புறம் அடையாறில் குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனோம், ரத்தம் குறைவு, எடை போன வருஷத்திலிருந்து ஏறவே இல்லை. காலையில் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார், டீ என்றேன். ராத்திரி சாப்பிட்ட குழந்தை மறுநாள் மத்தியானம் வரைக்கும் வெறும் டீயில் ஓடினால் மூளை எதை வைத்துப் பாடத்தைப் பிடிக்கும், போதாததற்கு டீ ரத்தம் ஊறுவதையே கெடுக்கும் என்று டானிக் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து உங்கம்மா ஒரே அழுகை. தீபிக்கும் இதே மாதிரிதானே ஸ்கூல்ல மண்டைய வலிக்கும், நாம தைலந்தானே தேச்சு அனுப்பினோம் என்றாள். நீ படிப்பை விட்டதற்கு அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அன்றைக்குச் சோறு எனக்கு இறங்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் இங்கிலீஷ் ஸ்கூலில் ஏதோ விழா ஒத்திகை, சின்ன வகுப்புகளுக்கு லீவு. நான் கடலுக்குப் போய்த் திரும்பி வந்தால் வீட்டில் கனியைக் காணோம். கரை பூராவும் தேடி, கத்திக் கூச்சல் போட்டு, கடைசியில் நீரஜாவின் அம்மாதான், என் பொண்ணோட அது ஸ்கூலுக்குப் போயிடுச்சே என்றாள். எனக்கு வந்த கோபத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, காதைத் திருகி இழுத்து வரலாம் என்றுதான் அந்தக் குப்பத்துப் பள்ளிக்குப் போனேன். போனால் வராந்தாவில் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், யூனிஃபார்ம் கூட்டத்துக்கு நடுவே நம் வீட்டுக் கழுதை மட்டும் மஞ்சள் கவுனில். தட்டில் பொங்கல், ஆவி பறக்கிறது. சாம்பாரில் கிடந்த கேரட்டையும் பீன்ஸையும் நீரஜா தின்பதைப் பார்த்துப் பார்த்துத் தானும் தின்கிறாள், வீட்டில் அதைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பவள். தின்றுகொண்டிருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு எழுப்பக் கூடாது என்று பள்ளி கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். அவள் கையை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள் தீபி, என் கையால் ஒரு இட்லியை முழுங்காத பிள்ளை.

பெல் அடித்ததும் அவளும் மற்றவர்களோடு வகுப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள், நானும் பின்னாலேயே போய் ஜன்னல் ஓரமாக நின்றேன். அந்த வகுப்பு ஜெனிதா டீச்சரும் அவளைப் போகச் சொல்லவில்லை, போர்டில் கழித்தல் கணக்கு எழுதினார். முதல் கை நம் கனியுடைய கை. எழுந்து போய்ப் போட்டுவிட்டு வந்தாள், அப்புறம் பாடம் வாசிக்கச் சொன்னதற்கும் எழுந்தாள், நடுவில் தடுமாறினாள், ஆனால் வெளியே நின்ற எனக்குக் கேட்கிற குரலில் வாசித்தாள். வாயே திறப்பதில்லை என்று அங்கே சொன்னார்களே, அந்த வாய்தான் இது. காதைத் திருகப் போனவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

டீச்சர் வெளியே வந்து பேசினார். இதுல மந்திரம் ஒண்ணும் இல்ல தாத்தா, முன்னெல்லாம் முதல் பீரியட்ல பாதிப் பேர் தூங்கி வழிவாங்க, வயித்துவலின்னு அழுவாங்க, இல்லாட்டி ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்குவாங்க, இப்போ சாப்பிட்டுட்டு உக்கார்றாங்க, சொல்றது காதுல ஏறுது, லேட்டா வர்றதும் லீவு போடுறதும் கொறஞ்சுபோச்சு என்றார். பொங்கல் தின்னாப் போதும் படிப்பு வந்துடும்னு சொல்லல, நாங்களும் சொல்லிக்கொடுக்கணும், ஆனா பசிச்ச வயித்துக்கிட்ட பாடம் நடத்த யாராலயும் முடியாது என்றும் சொன்னார். இங்கேயும் இங்கிலீஷ் மீடியம் இருக்கிறது, வேண்டுமானால் இந்த வருஷமே சேர்த்துக்கொள்கிறோம் என்றார்.

நான் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் நீ அழுவாய், அங்கே தனியாக இருக்கிற பெண், நல்ல நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நானே திருவான்மியூரில் டிசி வாங்கிக் குப்பத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டேன். கட்டின ஃபீஸ் திரும்ப வராது, போனது போகட்டும். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குக் கதை விட மாட்டேன், ரத்தம் ஏற இன்னும் நாளாகும், டானிக் ஓடிக்கொண்டிருக்கிறது, கணக்கில் இன்னும் சில நேரம் தப்புப் போடுகிறாள். ஆனால் வாந்தி நின்றுவிட்டது, வயிற்றுவலி என்ற பேச்சே இல்லை, சாயங்காலம் வந்தால் என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறாள், சரியாகச் சொல்லாவிட்டால் ஸ்கேலை ஓங்குகிறாள். உன் புத்தி அப்படியே வந்திருக்கிறது. இந்தச் சாப்பாடு அஞ்சாவது வரைக்கும்தான், அதற்கப்புறம் என்ன என்று கேட்பாய், அதற்குள் வீட்டு அடுப்பை நான் சீக்கிரம் பற்றவைக்கப் பழகிக்கொள்கிறேன்.

இப்போது சொல்லவேண்டியதற்கு வருகிறேன். நீ போன் பண்ணும் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் திருவான்மியூரில்தான் படிக்கிறாள் என்று நீ நினைக்கட்டும் என்று கனிக்கு அந்த ஸ்கூலின் பழைய டையைக் கட்டி உட்காரவைத்தோம், அம்மாவிடம் சொல்லாதே, தாத்தா அப்புறம் சொல்லிக்கொள்கிறேன் என்று வாக்கு வாங்கிவைத்தோம். அவளும் சொல்லவில்லை. போன ஞாயிறு நீ ஃபீஸுக்காக இன்னும் இரண்டு வருஷம் என்று சொன்னபோது அவள் என் மடியில் டையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் என் முகத்தைப் பார்த்து, நான்தான் அந்த ஸ்கூலுக்குப் போவலியே தாத்தா, அப்ப அம்மா இன்னாத்துக்கு அங்கியே கீது என்று கேட்டாள். டையை அவளே கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

வா என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. கடல் எப்படி இருக்கிறது, வீடு எப்படி ஓடுகிறது என்று உனக்குத் தெரியும், வேறு காரணம் இருந்து நீ கையெழுத்துப் போட்டால் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். கனியின் படிப்புக்காக என்று மட்டும் போடாதே கண்ணு, அந்தக் காரணம் இப்போது இல்லை. இதை முன்னாலேயே சொல்லாமல் விட்டது என் தப்பு, திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு, உங்கம்மாவை விட்டுவிடு.

அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு நீ டீயோடு நின்றுவிடுகிறாய் என்று தெரியும், முதலில் நீ ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார். எல்லையம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், எந்த நோவும் நொடியும் உன்னை அண்டாமல் இருக்கட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை கனிக்கு டை கட்ட மாட்டோம், அந்தக் கேள்வியை அவள் உன்னிடமே கேட்பாள். அவளுக்கு என்ன சொல்வது என்று யோசித்துவிட்டுப் போன் பண்ணு.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த நைனா,
கங்காதரன்