பதினோரு கோப்பில் ஒரு மேம்பாலம்

மார்ச் 4
பத்திரிகை அலுவலகக் கணினியில் நான் வைத்திருக்கும் கோப்புகளில் மூன்றில் ஒரு பங்கு இரட்டை. ஆதாரம்: ஒரே மாதிரிக் கோப்புகளைக் கண்டுபிடிக்க, கணினிக்காரர் நேற்று ஏற்றிய மென்பொருள். இடம் நிரம்பிவிட்டதாம். வெள்ளிக்கிழமைக்குள் நான் பட்டியலைப் பார்த்துச் சொன்னால் வேண்டாததை அழித்துவிடுவார்.

மார்ச் 5
‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’, ‘ஆசிரியர் பார்த்த இறுதி’. நான்கிலும் ஒரு கால்புள்ளிகூட வித்தியாசமில்லை. அப்படியானால் ஆசிரியர் என்னத்தைப் பார்த்தார்?

மார்ச் 6
‘ஏறக்குறைய ஒன்று’ என்ற பட்டியலைத் திறந்திருக்கக் கூடாது. ரயில்வே மேம்பாலம் பற்றி ஆண்டுக்கொன்றாகப் பதினோரு செய்திகள். ஒற்றுமை 97 சதவீதம். ஒவ்வொன்றிலும், பணி ஆறு மாதத்தில் முடியும் என்கிறார் பொறியாளர். ஃபோனில் கேட்பேன், அதே பதில் வரும். பழைய கோப்பைத் திறந்து தேதியையும் பொறியாளர் பெயரையும் மாற்றுவேன் — அவ்வளவுதான். ஏழாவதில் பெயரை மாற்றவும் மறந்திருக்கிறேன். ஓய்வு பெற்று ஓராண்டான மனிதர் அதில் உறுதியளிக்கிறார். யாரும் கேட்கவில்லை. வாசகர், ஆசிரியர், பொறியாளர் — ஒருவர்கூட.

வீட்டில் சொன்னேன். “மிஞ்சின சாப்பாட்டையே பதினோரு தடவ சுட வச்சு ஊருக்குப் போட்டிருக்கீங்க” என்றாள் மனைவி.

மார்ச் 7, வெள்ளி
கணினிக்காரர் வந்து நின்றார். கடைசி ஒன்றை வைத்துக்கொண்டு பத்தை அழிக்க ஒரு பொத்தான் போதும். அழித்தால் என் மானம் தப்பும். பொறியாளர் அலுவலகமும் போன ஆண்டுதான் முதன்முதலாக வாக்குக் கொடுத்ததாகிவிடும். அச்சடித்த பழைய இதழ்களைத்தான் இடமில்லை என்று எடைக்குப் போட்டாயிற்றே.

“எல்லாம் ஒண்ணுதானே சார், எதுக்குப் பதினொண்ணு?”

“ஒண்ணாவே இருக்கறதுதாங்க செய்தி.”

பட்டியலில் பதினொன்றுக்கும் எதிரே ‘வேண்டும்’ என்று குறித்தேன்.

மார்ச் 10
பதினொன்றையும் வரிசையாகப் போட்டோம், என் தவறு உட்பட. அச்சுக்குப் போகுமுன் ஆசிரியர் ஒன்றுதான் கேட்டார்: “உங்க மானமும் சேர்ந்து போகுமே, பரவாயில்லையா?”

பரவாயில்லை என்றேன். பரவாயில்லையா?

மார்ச் 12
பொறியாளர் அலுவலகத்திலிருந்து கடிதம். பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏழாவது செய்தியில் தவறான பெயர் வந்ததற்குத் திருத்தம் வேண்டுமாம். கேட்பது நியாயம்தான்.

மார்ச் 13
திருத்தம் வெளியானது: உறுதியளித்தவர் ஓய்வு பெற்றவர் அல்லர், அவருக்கு அடுத்து வந்தவர். உறுதிமொழியில் மாற்றமில்லை.

பொறியாளரிடம் ஃபோனில் கேட்டேன். பன்னிரண்டாவது செய்தியைப் புதுக் கோப்பில், முதல் எழுத்திலிருந்து தட்டினேன். மென்பொருள் 96 என்கிறது.

மேம்பாலம்: நிலுவை. செப்டம்பரில் எதிர்பார்க்கப்படுகிறது. ஆதாரம்: பொறியாளர்.